கிருபாவுக்காக எழுதிய சீட்டு

ஆம்பூரில் கோயில் தெருப் பக்கம் போய் சௌந்தரம் டீச்சரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு குறை வராது. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகக் கஞ்சித் தூக்கோடு போய் நிற்பாள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் நாலு திட்டு கொடுத்துச் சேர்த்து வைப்பாள். மிஷன் ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இருபது வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூடப் பிரம்பால் தொட்டதில்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரு பெண்ணின் வாயை அடைத்துவிட்டாள் என்றால் யாராவது நம்புவார்களா? மாட்டார்கள். சௌந்தரத்துக்கு மட்டும் அது நன்றாகத் தெரியும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மே மாசம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் லீவில் சபைக் காம்பவுண்டில் பத்து நாள் விடுமுறை வேதப் பள்ளி நடக்கும். ஓலைப் பந்தல், பாட்டு, கதை, கடைசியில் ஆளுக்கு ஒரு கைப்பிடி சுண்டல். சுண்டலுக்காகவே பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளைகளும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு நடத்துகிறவள் சௌந்தரம்தான். அந்த வருஷம் கலர் பேப்பர் வெட்டவும் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்கவும் கனகராஜின் மகள் கிருபாவதியைக் கூப்பிட்டுக்கொண்டாள். கிருபாவுக்குப் பதினைந்து வயசு. ஒன்பதாவது முடித்துவிட்டு ஜூனில் பத்தாவது போக வேண்டும். அவள் அப்பா கனகராஜுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் சுற்றுகிற இடத்தில் வேலை.

மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள். பந்தலில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து மறுநாள் கதைக்கு மீன் படம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிருபா கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், லீவு எப்ப முடியும்?"

"இன்னாடி இது அதிசயம்! எல்லாரும் லீவு எப்ப வரும்னு கேப்பாங்க, நீ எப்ப முடியும்னு கேக்குறே?"

கிருபா சிரிக்கவில்லை. வெட்டின மீனை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"காலைல கண்ணைத் தொறந்தா நெஞ்சுமேல அம்மிக் கல்ல வச்சா மாதிரி இருக்குது டீச்சர். அழுகையா வருது. அப்பா அடிக்கல, அம்மா திட்டல, எதுக்குன்னே தெரியல. சோறு எறங்க மாட்டேங்குது. ஸ்கூல் இருந்தா பரவால்ல. எழுந்துக்கணும், தலை வாரணும், போவணும். போனா ஷஹீன் பானு இருப்பா. லீவு வுட்டா அவளை வெளியவே அனுப்ப மாட்டாங்க. எனக்கு எழுந்துக்கிறதுக்கே ஒண்ணும் இல்ல."

"சேச்சே, இன்னா பேச்சு இது..."

"நான் இல்லாம போய்ட்டா நல்லா இருக்கும்னு தோணுது டீச்சர். சாவணும்னு இல்ல. சும்மா... இல்லாம இருக்கணும்."

மற்ற சமயமாக இருந்தால் சௌந்தரம் ஒரு வசனம் சொல்லியிருப்பாள், ஒரு புத்தி சொல்லியிருப்பாள். அன்றைக்கு ஒன்றும் தோன்றாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிருபா அழுதாள். அழுது முடித்து, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்து, முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். அம்மாகிட்டகூட."

"சொல்ல மாட்டேன்டி கண்ணு. சத்தியமா சொல்ல மாட்டேன். நாளைக்கும் வா. தெனமும் வா."

கிருபா தினமும் வந்தாள். மத்தியானம் மூன்று மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேப்பர் வெட்டுவார்கள். சில நாள் பேசுவாள், சில நாள் பேச மாட்டாள். நடுவில் ஒருநாள், டீச்சர் வெட்டின ஒட்டகத்துக்கு ஐந்து கால் வந்துவிட்டதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றாள். லீவு முடிய இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லுவாள்.

இப்போது சௌந்தரத்தைக் கேட்டால் சொல்லுவாள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அதுதான், அது கிடைத்துக்கொண்டும் இருந்தது, இன்னும் ஒரு மூன்று வாரம் அப்படியே ஓட்டியிருந்தால் ஸ்கூல் திறந்திருக்கும். ஆனால் அப்போது அவளுக்கு அது புரியவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைக் காதில் வாங்கிக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் பேப்பர் வெட்டிக்கொண்டிருக்கிறோமே, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ராப்பகலாக மனசு அடித்துக்கொண்டது. கூட உட்கார்ந்திருப்பதெல்லாம் ஒரு வேலையா என்ன? எதையாவது செய்தால்தானே நல்லவள்!

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் ஓட்டை போட்டு மாட்டியிருப்பார்கள். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் யாருக்கு என்ன குறை என்று சீட்டெழுதி அதில் போட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஒவ்வொன்றாகப் படிப்பார், எல்லாரும் முழங்கால் போட்டு அதற்காக ஜெபிப்பார்கள். கால் புண், கடைசி மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, எல்லாம் அதில் வரும். பெயரும் வீடும் போட்டு எழுத வேண்டும். பெயரில்லாத விண்ணப்பம் பாதி மனசோடு கேட்கிறது என்று அங்கே ஒரு எண்ணம். சௌந்தரம் வாரம் தவறாமல் யாருக்காவது எழுதிப் போடுகிறவள். அவள் எழுதி எத்தனையோ காய்ச்சல் இறங்கியிருக்கிறது, எத்தனையோ வேலை கிடைத்திருக்கிறது. அவளுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை.

அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். "சகோதரர் கனகராஜின் மகள் கிருபாவதிக்கு மனச்சோர்வு நீங்கவும், ஜீவன்மேல் உண்டான வெறுப்பு மாறவும் சபையார் ஜெபிக்கும்படி..."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தது ஞாபகம் இல்லையா என்றால், இருந்தது. நன்றாகவே இருந்தது. கர்த்தரிடம் சொல்வது யாரிடமும் சொல்வதாகுமா என்று அவளே கேட்டுக்கொண்டு, அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். இன்னொன்றும் உண்டு. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசுகிறது. சீட்டை மடித்து டின்னில் போடும்போது மனசுக்குள் எங்கேயோ ஒரு பெருமை இருந்தது. பெத்த தாயிடம்கூடச் சொல்லாததை அந்தப் பெண் என்னிடம் வந்து சொன்னாளே என்கிற பெருமை. சபைக்கும் அது தெரியட்டுமே என்று இருந்திருக்கும் போல. அட, மனுஷ புத்தியே!

மறுநாள் ஆராதனையில் பெண்கள் பக்கத்துப் பாயில் கிருபா அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். பச்சைத் தாவணி. டீச்சரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். போதகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டுகளைப் பிரித்தார். முதலில் ஆதிகேசவனின் கால் புண் வந்தது. அடுத்து யாரோ ஒருத்தருக்கு ஆற்காட்டில் பார்த்த வரன் வந்தது. மூன்றாவது சீட்டைப் பிரித்து, கணீரென்று, ஒரு வார்த்தை விடாமல் படித்தார்.

பனையோலை விசிறிகள் எல்லாம் அப்படியே நின்றன. பெண்கள் பக்கத்தில் முன்னால் இருந்த தலைகள் பின்னால் திரும்பின, பின்னால் இருந்தவர்கள் எக்கிப் பார்த்தார்கள். அம்மா சுந்தரி, யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் மகளைப் பார்த்தாள். ஆண்கள் பக்கம் கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

கிருபா யாரையும் பார்க்கவில்லை. சௌந்தரத்தை மட்டும் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அறியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறக்கிவிட்ட குழந்தை பார்க்கிற மாதிரி பார்த்தாள். "முழங்கால்படியிடுவோம்" என்றார் போதகர். எல்லாரும் முழங்கால் போட்டார்கள். கிருபாவும் போட்டாள். தனக்காகத் தானே ஜெபிக்க வேண்டி வந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு.

அந்த நிமிஷமே சௌந்தரத்துக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! ஓடிப்போய் அந்தச் சீட்டைப் பிடுங்கி வாயில் போட்டு மென்று விழுங்கிவிடலாம் போல இருந்தது.

அன்று சாயந்திரத்திலிருந்து கனகராஜ் வீட்டில் கூட்டம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அது வேறு விஷயம். ஒருத்தி விளக்கெண்ணெய் கொண்டுவந்து உச்சியில் வைத்துத் தேய்த்தாள். ஒருத்தி, உபவாச ஜெபம் வை என்றாள். காலாகாலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள் மற்றொருத்தி. "படிப்பு ஜாஸ்தியாயிட்டா பொம்பளப் பிள்ளைக்கு மண்டை சூடேறிடும் சுந்தரி, புஸ்தகத்தை எல்லாம் எடுத்து உள்ள வை" என்று ஒருத்தி சொன்னதை மட்டும் வந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று பிடித்துக்கொண்டார்கள். பாகாயத்துக்கு ஒருதரம் இட்டுக்கினு போய்க் காட்டுங்களேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வேலூர்ப் பக்கத்தில் பாகாயம் என்றால் அர்த்தம் ஒன்றுதான், மனநோய் ஆஸ்பத்திரி. கனகராஜ் எழுந்து நின்று கத்திவிட்டான். "என் பொண்ணுக்கு ஒண்ணும் பைத்தியம் புடிக்கல. எல்லாரும் எழுந்து போங்க." அங்கே போயிருந்தால் ஒருவேளை நல்லதே நடந்திருக்கும். சீட்டுப் படிக்காமல் இருந்திருந்தால், அந்தப் பேச்சைத் தனியாக, பக்குவமாக எடுத்திருக்கலாம்.

மறுநாள் மூன்று மணிக்கு சௌந்தரம் பந்தலில் உட்கார்ந்திருந்தாள். கிருபா வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வீட்டுக்குப் போனாள். சுந்தரி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கிருபா உள்ளேயிருந்து வந்து தண்ணீர் கொடுத்தாள்.

"எப்படிடி இருக்கே?"

"சுகமா இருக்கேன் டீச்சர்."

"கிருபா, நான்..."

"எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். அன்னிக்கு ஏதோ வெயில்ல ஒளறிட்டேன்."

அவ்வளவுதான். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே கடைசி ஞாயிற்றுக்கிழமை இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. சாட்சி சொல்லுகிற நேரத்தில், விண்ணப்பத்துக்குப் பதில் கிடைத்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார் போதகர். கிருபா எழுந்தாள். தலையில் தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டு, மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "சபையார் எனக்காக ஜெபிச்சீங்க. கர்த்தர் என்னைச் சுகமாக்கினார். இப்ப எனக்கு நல்லா பசிக்குது, நல்லா தூக்கம் வருது. நான் பத்தாவது நல்லா படிக்கணும்னு ஜெபம் பண்ணிக்கோங்க." சபையே அல்லேலூயா என்றது. சுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போதகர் மேடையிலிருந்தே, "எல்லாம் நம்ம டீச்சரம்மா எழுதின சீட்டால" என்றார்.

கூட்டம் மொத்தமும் சௌந்தரத்தைப் பார்த்துச் சிரித்தது. அவள் கிருபாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் தோள் எலும்பு தாவணிக்கு மேலே தெரிந்தது. பசிக்கிற உடம்பா அது? ஸ்கூலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அந்தப் பொய்யை எழுந்து நின்று சொன்னாள், அது சௌந்தரத்துக்குத் தெரியும். எழுந்து "இல்லை, இவளுக்கு இன்னும் சரியாகவில்லை, இவளுக்கு ஸ்கூல்தான் மருந்து" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டாம் தடவை அவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பொய்யும் பலிக்கவில்லை. ஜூனில் ஸ்கூல் திறந்த அன்று ஹைஸ்கூல் வாசலில் போய் நின்று பார்த்தாள் சௌந்தரம். ஷஹீன் பானு தனியாக உள்ளே போனாள். நேரே கனகராஜ் வீட்டுக்கு நடந்தாள்.

"அரக்கோணத்துல என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன் டீச்சர்" என்றான் கனகராஜ்.

"ஏன் கனகராஜ்? நல்லாத்தானே படிச்சிக்கினு இருந்தா? ஸ்கூலுக்குப் போனா அவளுக்குச் சரியாயிடும். நான் சொல்றதக் கேளு."

"படிப்புதான் மண்டைக்கு ஏறிடுச்சுன்னு தெருவே சொல்லுது. தெருவுல தலை காட்ட முடியல. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்." அவன் சத்தம் போடவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "நீங்க என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே டீச்சர். என்கிட்ட மட்டும்."

சௌந்தரம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த வருஷத்தோடு விடுமுறைப் பள்ளி நடத்துவதை விட்டாள். முடியவில்லை என்றாள், முட்டி வலி என்றாள். மே மாசம் வந்தால் பந்தலிலிருந்து பிள்ளைகள் பாட்டு கேட்கும். ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். அப்புறம் டின்னில் ஒரு சீட்டுப் போட்டதில்லை. ஒருநாள் கிருபாவை எங்கேயாவது பார்த்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அதற்கு முன்னால் கண்ணை மூடக் கூடாது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷம் அதையே.

எண்பத்தாறில் ஒருநாள் சாயந்திரம் வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வழியில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் வேலை விட்டுப் பெண்கள் கும்பலாக ஏறினார்கள். கையில் டிபன் பாக்ஸ், விரலெல்லாம் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் கறை, ஒரே பேச்சு, சிரிப்பு. அந்தக் கும்பலில் கிருபா! சதை போட்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் என்னவோ காதில் சொல்ல, "அடச்சீ போடி" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள். சௌந்தரத்துக்கு நெஞ்சு நிரம்பிப் போயிற்று. பிழைத்துக்கொண்டாள், பெண் பிழைத்துக்கொண்டாள்.

கிருபாவும் பார்த்துவிட்டாள். ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு தோழியை இழுத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் அவளை உட்கார வைத்துவிட்டு, டீச்சர் பக்கத்தில் தானே வந்து உட்கார்ந்தாள்.

"ஸ்தோத்திரம் டீச்சர். நல்லா இருக்கீங்களா? எளச்சிட்டீங்களே."

"நீ எப்படிம்மா இருக்கே?"

"ரெண்டு வருஷமா இங்கதான் வேலை. அத்தை வீட்டுலேர்ந்து வந்து, கம்பெனி பொண்ணுங்க நாலு பேரு ரூம் எடுத்துக்கினு இருக்கோம்." டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி இரைச்சலில் சௌந்தரத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரி தணிந்த குரலில் சொன்னாள். "வேலை இருந்தா நல்லாத்தான் இருக்குது டீச்சர். கம்பெனி மூடுற நாள்தான்... பொங்கலுக்கு நாலு நாள் மூடினாங்க. எல்லாரும் ஊருக்குப் போய்ட்டாங்க. அப்ப மறுபடியும்..."

ஏழு வருஷத்துக்கு முன்னால் பந்தலில் மீனை மடித்துப் பிரித்த அதே குரல். சௌந்தரம் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், கையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியது. ஆனால் ஏழு வருஷமாகத் தொண்டையில் நின்றது தாங்கவில்லை. பாவி, பொங்கிவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடுடி கிருபா!"

"டீச்சர்..."

"இல்லடி, நான் சொல்லியே ஆவணும். எனக்குத் தூக்கம் இல்லடி!" பஸ் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினாள். வண்டி ரயில்வே கேட்டில் வந்து நின்றதையோ, டிரைவர் இன்ஜினை நிறுத்தியதையோ அவள் கவனிக்கவே இல்லை. அமைதியான பஸ்ஸில் அவள் குரல் கணீரென்று ஒலித்தது. "உசுருமேல வெறுப்பா இருக்குது, இல்லாம போயிடணும்னு நீ என்கிட்ட வந்து அழுதே! அதைப் போய் ஊரறிய எழுதிக் குடுத்தேனே! உன்னைப் பைத்தியம்னு பேச வச்சேனே!"

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. கம்பெனிப் பெண்கள் மொத்தமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர்கூடப் பையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். முன் சீட்டுத் தோழி பாதி திரும்பி, கிருபாவை ஒருதரம், டீச்சரை ஒருதரம் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இன்னாடி கிருபா? இன்னா சொல்றாங்க இவங்க?"

கிருபா கண் கலங்கவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். இறங்க வேண்டிய இடம் இன்னும் மூன்று ஸ்டாப் தள்ளி இருந்தது. குனிந்து டீச்சர் காதோடு சொன்னாள்.

"மெதுவா பேசக் கூடாதா டீச்சர்? இங்க யாருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு கேட்டருகிலேயே இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி நடந்தாள். யாராவது அவளோடு போங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது சௌந்தரத்துக்கு. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. முட்டி வலியோடு கம்பியைப் பிடித்து எழுந்து, செருப்பு ஒன்று படியிலேயே தங்கிவிட்டதைக்கூடப் பார்க்காமல், தானே இறங்கி அவள் பின்னால் போனாள். கிருபா திரும்பிப் பார்த்தாள். நிற்கவில்லை.